இடது சீட்டில் மட்டும் கேட்ட விசில்

1. பதில் வராத காலை

ரேடியோ ரூமிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் மேலே பறந்த விமானத்திலிருந்து பதில் வரவில்லை. கடைசியில் கேப்டன் குரல் வந்தது. பதில் சொல்ல வேண்டியது அவர் இல்லை, பக்கத்தில் இருந்து ஓட்டிக்கொண்டிருந்த மாணவி. கேப்டன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு விமானத்தை இறக்கிவிட்டார்.

நான் அப்போது ரேடியோ ரூமில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மைக் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டதும் பதில் வராததும் என் தலைக்கு மேலேதான் நடந்தது. விமானத்தில் இருக்கிற ரேடியோவும், உள்ளே உட்காருகிற இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காமும் என் பொறுப்பு. அதனால் தப்பு என் பக்கம்தான் என்று முதலில் நினைத்தேன்.

எங்கள் இடத்தைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். மல்லாங்கிணறு தாண்டி மானாவாரிக் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன பயிற்சிப் பள்ளி. ஒரு ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானம் ஒன்று. நான் படித்தது பத்தாவதும் ஐடிஐயில் ரேடியோ டிவி மெக்கானிக்கும். அதற்கு முன்னால் சிவகாசியில் மைக் செட், டிவி, தேர்தல் வேனுக்கு ஸ்பீக்கர் மாட்டுவது என்று எல்லாம் பார்த்தவன். இங்கே கையெழுத்துப் போடும் உரிமை எனக்குக் கிடையாது. உரிமம் உள்ள இன்ஜினியர் மதுரையிலிருந்து வருவார். அவர் சொல்லாமல் ஒரு திருகாணியைக்கூட நான் தொடக் கூடாது. தினமும் காலையில் கொட்டகைக் கதவைத் திறக்கும் முன் ஒரு சின்ன ஜெபம் செய்வேன். இன்று என் கை பட்ட எதனாலும் யாருக்கும் ஆபத்து வரக் கூடாது, ஆண்டவரே. அவ்வளவுதான் ஜெபம்.

மாணவியின் பெயர் ரிஸ்வானா. விருதுநகர்ப் பிள்ளை. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மிளகாய் வத்தல் வியாபாரம். ஆள் சின்ன உருவம். வீட்டிலிருந்து ஒரு பஞ்சுத் திண்டு கொண்டு வந்து சீட்டில் போட்டுத்தான் உட்காருவாள். சொல்லிக்கொடுக்கும் கேப்டன் சென்னைக்காரர். நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற தொந்தி. மாணவர் இடது சீட்டில், அவர் வலது சீட்டில்.

இறங்கியதும் கேப்டன் சத்தம் போடவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"கூப்பிடுறது காதுல விழலையா?" என்று கேட்டார்.

"விசில் அடிக்குது சார். அதுக்குள்ள பேச்சு அமுங்கிப் போகுது."

"எனக்கு அடிக்கலையே. ரெண்டு பேருக்கும் ஒரே ரேடியோ தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் விமானத்தைப் பார்த்தேன்.

அவள் அப்போது தனியாகப் பறக்க வேண்டிய கட்டத்தில் இருந்தாள். முதல்முறை ஒரு மாணவரைத் தனியாக மேலே அனுப்புவது என்பது கேப்டன் தன் உயிரை இன்னொருவர் கையில் கொடுப்பது மாதிரி. மற்ற எல்லாம் அவளுக்கு நன்றாக வந்துவிட்டது, இறக்குவது ரொம்ப நன்றாக வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்போது இது ஒன்று வந்து நின்றது. ரேடியோ கேட்காத ஆளைத் தனியாக அனுப்ப முடியாது. சரி செய்து கொடுங்கள், இல்லையென்றால் இந்தப் பிள்ளைக்கு இது சரிவராது என்று சொல்லிவிடுவேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

2. நைலான்

அன்று மத்தியானம் நானே இடது சீட்டில் உட்கார்ந்தேன். கேப்டன் வலது பக்கம் இருந்து இன்ஜினை ஓட்டினார். ஹெட்செட்டில் ஒரு தூசு சத்தம்கூட இல்லை. ரேடியோ ரூமிலிருந்து பேசியது பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி கேட்டது. மற்ற மாணவர்களைக் கேட்டேன். எல்லாரும் நன்றாகக் கேட்கிறது என்றார்கள்.

அவளுடைய ஹெட்செட்டை இன்னொரு பையனுக்குக் கொடுத்தோம். அவனுக்குச் சத்தம் இல்லை. புது ஹெட்செட் ஒன்றை அவளுக்குக் கொடுத்தோம். பறந்துவிட்டு வந்து, "அதே விசில்தான் அங்கிள்" என்றாள்.

ஆக சாமானில் கோளாறு இல்லை. ஆளைப் பொறுத்துச் சத்தம் வருகிறது. இப்படி ஒரு ரிப்பேரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அப்போதுதான் சண்முகம் ஒரு காரணம் சொன்னான். சண்முகம் எங்கள் கொட்டகை மெக்கானிக். என்னை அண்ணாச்சி என்பான், எனக்கு அவன் தம்பி மாதிரி. இங்கே வருவதற்கு முன் அச்சங்குளத்தில் பயராபீஸில் போர்மேனாக இருந்தவன். பட்டாசு கம்பெனியை நாங்கள் பயராபீஸ் என்றுதான் சொல்லுவோம். அங்கே உள்ளே போகிற ஒவ்வொருவரும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கும் கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக. நைலான் துணிக்கு அனுமதி கிடையாது, பருத்திதான். அந்தப் பழக்கத்தில் எங்கள் கொட்டகை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்து வைத்திருக்கிறான். நாங்கள் எல்லாரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். கேப்டன் மட்டும் சிரித்துக்கொண்டே தொடாமல் வருவார்.

"அண்ணாச்சி, அந்தப் புள்ள தலையில சுத்தியிருக்க துணியைப் பாத்தீகளா? வழுவழுன்னு நைலான். அதுக்கு மேல ஹெட்செட்டு. கரண்ட் நிக்காம எங்க போவும்? எங்க ஆபீஸ்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவோம்."

சொன்னதும் எனக்கு மண்டையில் விளக்கு எரிந்த மாதிரி இருந்தது. இந்த வட்டாரத்தில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் இருக்கும். சட்டை எடுக்கப் போனால்கூட துணியைக் கசக்கிப் பார்த்து நைலான் கலந்திருக்கிறதா என்று கேட்கிற ஊர் இது. கேப்டனிடம் சொன்னேன். அவரும் இருக்கலாம் என்றார், துணியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை பறந்து பார்க்கட்டுமே என்றும் சொன்னார். அதை அவளிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

எனக்கும் வளர்ந்த மகள் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது முக்காடு போட்டுத்தான் போவாள். அதனால் சொல்ல வாய் வரவில்லை. பருத்தித் துணி ஏதாவது கட்டிக்கொண்டு வர முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

"துணியாலயா அங்கிள் விசில் வரும்?" என்றாள்.

"தெரியலம்மா. ஒண்ணு ஒண்ணாத் தள்ளிப் பாக்கணும்ல."

மறுநாள் வெள்ளைப் பருத்தித் துணி கட்டிக்கொண்டு வந்தாள். ஹெட்செட் காதோடு ஒட்டி உட்காரும்படி காதை மட்டும் விட்டுக் கட்டியிருந்தாள். கேப்டனிடம் நேராகப் போய், இதுக்கு மேல என்னால கழட்ட முடியாது சார் என்று அமைதியாகச் சொன்னாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

பறந்தார்கள். விசில் வந்தது.

சண்முகம் துணியைத் தூரத்திலிருந்தே உற்றுப் பார்த்துவிட்டு, நூலில் கலப்படம் இருக்கும் என்றான். நான் அவனை முறைத்தேன்.

3. கேட்கிறவளுக்குக் கேட்கிறது

துணி இல்லை என்றானதும், அவள் சொல்லும் சத்தத்தை ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளலாம் என்று உட்கார வைத்துக் கேட்டேன். எப்படி இருக்கும், எப்போது கூடும், எப்போது குறையும்.

"இன்ஜின் வேகம் ஏத்துனா விசிலும் மேல ஏறும். குறைச்சா இறங்கும். கொசு காதுகிட்ட வந்து போற மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எனக்குத் தெரிந்த சத்தம். தேர்தல் வேனில் ஆம்பிளிபயர் மாட்டினால் வண்டி வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் ஒரு விசில் ஏறும். இன்ஜினோடு சுற்றி பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கிற ஆல்டர்னேட்டர் போடும் சத்தம் அது. வேன் ஓட்டினவனுக்கும் மைக் செட்டுக்காரனுக்கும்தான் தெரியும். இந்தப் பிள்ளை அதை அச்சாகச் சொல்கிறாள். அப்படியென்றால் பொய்யும் இல்லை, பிரமையும் இல்லை.

அன்றே ஒரு சோதனை செய்தோம். அவள் இடது சீட்டில், கேப்டன் வலது சீட்டில், விமானம் தரையில். இன்ஜின் ஓடும்போதே கேப்டன் ஆல்டர்னேட்டர் சுவிட்சை அணைத்தார். நின்றுபோச்சு என்று அவள் கை காட்டினாள். மறுபடி போட்டார். வந்துவிட்டது என்றாள். அவர் சுவிட்சைத் துணியால் மறைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் போட்டும் அணைத்தும் பார்த்தார். ஒரு தடவைகூட அவள் தப்பாகச் சொல்லவில்லை. கேப்டன் முகம் மாறியது. ஆனால் அவர் காதில் ஒன்றும் இல்லை. ஹெட்செட்டை மாற்றி மாட்டிக்கொண்டார், அப்போதும் இல்லை.

இன்ஜினை அணைத்து, காற்றாடி நின்ற பிறகு, அவளை இறக்கிவிட்டு நான் இடது பக்கம் ஏறினேன். சீட்டைப் பின்னால் தள்ளி வசதியாக உட்கார்ந்தேன். மறுபடி ஸ்டார்ட். வேகத்தை ஏற்றச் சொன்னேன், இறக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. சுத்தமான சத்தம்.

இறங்கி வந்தேன். கொட்டகை ஓரமாக நின்றிருந்தவள், "கேட்டுச்சா அங்கிள்?" என்றாள். இல்லைம்மா என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மதுரை இன்ஜினியருக்குப் போன் போட்டேன். வந்தார். ஆல்டர்னேட்டர் பார்த்தார், சரியாக இருந்தது. சத்தத்தை அடக்கும் பில்டரை மாற்றினார். பேட்டரி ஒயர் எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினோம். வேனில் இந்த விசில் வந்தால் நாங்கள் செய்யும் வைத்தியம் ஒன்றுதான், எர்த்தை நன்றாகப் போடுவது. அதனால் நான் டார்ச் அடித்து, கண்ணுக்குத் தெரிந்த எர்த் எல்லாம் பார்த்தேன். ரேடியோவுக்குப் பின்னால், இன்ஜின் சுவரில், சீட்டுக்குப் பக்கத்துச் சுவர் இடுக்குக்குள் என்று செம்புப் பின்னல் பட்டைகள் பளபளவென்று இறுக்கமாக இருந்தன. எர்த்துக்குக் குறைச்சலே இல்லை என்று மனதுக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் இறுக்கமாக வைத்திருக்கிறாயே என்று சண்முகத்தின் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் அவள் பறந்து வந்து சொன்னாள். விசில் இருக்கிறது.

4. அத்தா

அவளுடைய அத்தா தினமும் காலையில் பைக்கில் கொண்டு வந்து விடுவார். கேட்டுக்கு உள்ளே வர மாட்டார். அன்று நான் டீ குடிக்க வெளியே வந்தபோது வேப்பமரத்து நிழலில் பைக்கை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். மனிதர் மேல் வத்தல் நெடி. பக்கத்தில் போனதும் எனக்குத் தும்மல் வந்தது.

"அண்ணாச்சி, மறைக்காமச் சொல்லுங்க. எம் புள்ளைக்குக் காதுல ஏதும் கோளாறா?"

யார் அப்படிச் சொன்னார்கள் என்றேன். யாரும் சொல்லவில்லை, அவளே சொல்கிறாள் என்றார். மத்தவுக யாருக்கும் கேட்காதது தனக்கு மட்டும் கேட்கிறதென்றால் தனக்குத்தானே கோளாறு என்று ராத்திரி அம்மாவிடம் சொல்லி அழுதாளாம். விருதுநகரில் காது டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். கண்ணாடி ரூமில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, காது அருமையாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் குழப்பம் கூடிப்போச்சு.

"காது கெட்டிருந்தா வைத்தியம் பாக்கலாம். காதும் நல்லாருக்கு, மெஷினும் நல்லாருக்குன்னா நான் எதைப் பாக்க? பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்குன்னு சொந்தக்காரவுக ஏற்கெனவே பேசுறாக. அல்லா மேல பாரத்தப் போட்டுத்தான் அனுப்புனேன். சரிவராதுன்னா நீங்களே சொல்லிருங்க. கேப்டன் வாயால அவ கேக்க வேண்டாம்."

ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள், நானும் பண்ணுகிறேன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மெர்சியிடம் சொன்னேன். என் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "எங்க வார்டுல பேஷன்ட் வலிக்குதுன்னா முதல்ல எழுதிக்கிடுவோம். நம்புறதும் நம்பாததும் டாக்டர் பாடு. நீங்க எழுதிக்கிட்டீகளா, இல்ல, டாக்டர் வேலையும் சேத்துப் பாக்கீகளா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நம்பாமல் இருந்தால் இத்தனை நாள் ஏன் இதன் பின்னால் அலைகிறேன் என்றேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

குடும்ப ஜெபம் முடிந்த பிறகு நான் மட்டும் முழங்காலில் இருந்தேன். ஆண்டவரே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பிள்ளை சொல்வதும் நிஜம், நான் கேட்டதும் நிஜம். இரண்டும் எப்படி நிஜமாக இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. இப்படியே சொன்னேன். படுத்துவிட்டேன்.

5. "சீட்டைத் தள்ளாதீங்க"

சனிக்கிழமை காலை கேப்டன், இன்றைக்கு ஒருதரம் பார்ப்போம், அதற்குப் பிறகு நான் முடிவு சொல்லிவிடுகிறேன் என்றார். அவருக்கும் மனசு சரியில்லை. "கீழ நின்னு கூப்பிட்டு, பதில் வரலைன்னா நான் எப்படி மூச்சு விடுறது, சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டார்.

அவள் திண்டைப் போட்டு, சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்தாள். கேப்டன் இன்ஜினை ஓட்டினார். கேட்கிறது என்று அவள் கை காட்டினாள். அணைத்தார்கள். அவள் இறங்கினாள். நான் ஏறுவதற்காக, சீட்டைத் தண்டவாளத்துப் பல்லிலிருந்து விடுவித்துப் பின்னால் தள்ளும் கம்பியைச் சீட்டுக்கு அடியில் பிடித்தேன்.

"அங்கிள், சீட்டைத் தள்ளாதீங்க. அது கடைசிப் பல்லுல மாட்டவே மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் நீங்க தள்ளிட்டுப் போயிருதீக, நான் திரும்ப மாட்டுறதுக்குள்ள கை நோவுது."

பாவம், நாம்தான் இந்தப் பிள்ளையைப் பாடாய்ப் படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு கம்பியை விட்டுவிட்டேன். திண்டையும் எடுக்கவில்லை. அப்படியே நுழைந்தேன். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டது, தலை கூரையில் இடித்தது. கேப்டன், இப்படி ஏன் கஷ்டப்படுகிறீர்கள் என்றார். பரவாயில்லை சார், ஓட்டுங்கள் என்றேன்.

இன்ஜின் பிடித்தது. காதில் விசில்.

முதலில் அது வெளியே எங்கேயோ என்று நினைத்தேன். ஹெட்செட்டை அழுத்திப் பிடித்தேன். உள்ளேதான். வேகத்தை ஏற்றச் சொன்னேன், கொசு மேலே ஏறியது. இறக்கச் சொன்னேன், இறங்கியது. ரேடியோ ரூமில் ஏதோ சொன்னார்கள். பேச்சு இருந்தது, ஆனால் வார்த்தை பிடிபடவில்லை. அவள் சொன்ன அதே மாதிரி, அமுங்கிப் போய்.

எனக்குச் சந்தோஷமா, பயமா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அத்தனை நாளும் இது இங்கேதான் இருந்திருக்கிறது, இதே சீட்டில்.

அணைக்கச் சொல்லிவிட்டு, "சார், நீங்க இங்கன வந்து உக்காருங்க. சீட்டை அசைக்காம" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் சுற்றி வந்து ஏறினார். அந்த உருவம் அந்த இடத்தில் எப்படி நுழைந்தது என்பதே ஆச்சரியம். ஸ்டியரிங் தொந்தியில் அமுங்கிக் கிடந்தது. வாசலில் நின்ற சண்முகத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் கையால் வாயை மூடிக்கொண்டாள். நான் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அவரே இன்ஜினை ஓட்டினார்.

அவர் ஆல்டர்னேட்டர் சுவிட்சை ஒருதரம் அணைத்தார், ஒருதரம் போட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவளைப் பார்த்து, "இதோடயா இத்தனை நாள் லேண்டிங் பண்ணே?" என்றார்.

"ஆமா சார்."



6. செம்புப் பின்னல்

அதற்குப் பிறகு காரணம் கண்டுபிடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சீட்டை ஒரு பல் பின்னால் தள்ளினால் சத்தம் இல்லை. கடைசிப் பல்லுக்குக் கொண்டு வந்தால் இருக்கிறது. கையை விட்டுத் தடவினேன். இடது பக்கச் சுவரில் தொடைக்குப் பக்கத்தில்தான் ஹெட்செட் பிளக் சொருகும் ஜாக் இருக்கிறது. சீட்டைக் கடைசிவரை முன்னால் இழுத்தால் சீட்டின் ஓரம் பிளக்கை ஒரு பக்கமாக அழுத்துகிறது. பிளக் சாய்ந்தால் சுவருக்குப் பின்னால் ஜாக்கும் கொஞ்சம் சாய்கிறது. அந்தப் பள்ளியில் கடைசிப் பல் வரை சீட்டை இழுக்கிற உருவம் அவள் ஒருத்திதான். நான் சோதிக்க ஏறும்போதெல்லாம் முதலில் செய்த காரியம் சீட்டைப் பின்னால் தள்ளியது.

இன்ஜினியர் வந்து சுவர்த் தகட்டைக் கழற்றச் சொன்னார். ஜாக் விமானத்தின் உடம்பைத் தொடாமல் இருக்க நடுவில் ஒரு பைபர் வாஷர் இருக்கும். அது அப்படியே இருந்தது. ஆனால் அதன் பின்னால், நகக்கண் அளவு இடைவெளியில், ஒரு செம்புப் பின்னல் பட்டை. ஜாக் சாய்ந்தால் அதைத் தொடும். நான் டார்ச் அடித்துப் பார்த்து நிம்மதிப்பட்டேனே, அதே பட்டை.

இன்ஜினியர் எனக்கு விளக்கினார். காதுக்குப் போகிற சத்தம் திரும்பி வந்து எர்த்தில் சேர வேண்டியது ஒரே இடத்தில், ரேடியோ பக்கத்தில். இங்கே இன்னொரு இடத்திலும் எர்த் பட்டுவிட்டால் ஆல்டர்னேட்டர் கரண்டும் இந்த வழியாகப் போய்க் காதில் பாடும். அந்தச் சீட்டில் இருக்கிறவர் காதில் மட்டும். எர்த் போதாமல் வந்த சத்தம் இல்லை, கூடுதலாகப் போட்டதால் வந்த சத்தம்.

"இந்தப் பட்டை கம்பெனி போட்டது இல்லையே. யார் போட்டது?" என்று கேட்டார்.

சண்முகம் முன்னால் வந்தான். "நான்தான் சார்."

காற்றுக் காலத்தில் ஒருநாள் கதவைத் தொட்டபோது கையில் சுள்ளென்று அடித்திருக்கிறது. இறக்கையில் பெட்ரோல் இருக்கிறதே என்று பயந்து, தனியாகக் கிடக்கிற இரும்பு எதையும் விடக்கூடாது என்று உள்ளே பட்டை போட்டு இறுக்கியிருக்கிறான். இன்ஜினியர் அவனைத் திட்டவில்லை. பெட்ரோல் போடும்போது எர்த் கொடுக்க விமானத்தில் தனி இடம் உண்டு, உன் பயம் நியாயம், ஆனால் எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு ஒயர்கூட உள்ளே போகக் கூடாது, இன்றைக்குக் காதோடு போச்சு என்று மெதுவாகச் சொன்னார்.

"பயராபீஸ்ல எர்த்து கூடிப்போச்சுன்னு யாரும் ஏசுனதில்ல சார்" என்றான் சண்முகம். எதிர்த்துப் பேச வேண்டும் என்று அவன் அதைச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

பட்டையை எடுத்தோம். அவன் போட்ட மற்றவற்றையும் தேடி எடுத்தோம். சீட்டு அழுத்தாதபடி சாய்வான பிளக் ஒன்றை இன்ஜினியர் அனுமதியோடு போட்டோம். அவர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் என் பைக்கில்தான் சண்முகம் வந்தான். திருத்தங்கல் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வழியெல்லாம் பேசாமல் வந்தவன், ரயில் வருகிற நேரத்தில் கேட்டான்.

"அண்ணாச்சி, நான் அந்தத் துணியச் சொன்னேன்ல. அந்தப் புள்ளகிட்ட என்னன்னு போய்ப் பேச?"

ரயில் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்து நான் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவன் தீங்கு நினைத்துச் செய்யவில்லை. உயிரைக் காப்பாற்றும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் நம்புகிற காரியத்தைச் செய்தான். அந்த நம்பிக்கையில்தான் நானும் பட்டையைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன். நல்லதுக்கென்று போட்டது எந்த இடத்தில் கெட்டதாக மாறியது என்பது ஒயரில் எனக்குத் தெரிகிறது. மனுஷனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

திங்கள்கிழமை அவன் அவளிடம் ஒன்றும் பேசவில்லை. அவள் வரும் முன்னால் சீட்டுத் தண்டவாளத்தைத் துடைத்து எண்ணெய் விட்டு, கடைசிப் பல்லில் ஒரே தள்ளில் மாட்டும்படி செய்து வைத்திருந்தான். அவள் இழுத்துப் பார்த்துவிட்டு, "யாரு அங்கிள் செஞ்சது, வெண்ணெ மாதிரி போகுது" என்றாள். நான் சண்முகத்தைக் காட்டினேன். அவன் அதற்குள் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டான்.

7. ரேடியோ செக்

அந்த வாரத்திலேயே ஒருநாள், இரண்டு சுற்று கூடவே பறந்துவிட்டு, கேப்டன் இன்ஜினை அணைக்கச் சொல்லி இறங்கினார். வலது சீட்டின் பெல்ட்டைக் கட்டிவைத்தார். ஒரு சுற்று நீயே போய்ட்டு வா என்று சொல்லிவிட்டு ரேடியோ ரூமுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவளுடைய அத்தா நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வலது சீட்டு காலியாக இருப்பதைப் பார்த்து அவரே புரிந்துகொண்டிருப்பார்.

கிளம்பும் முன்னால் ரேடியோ செக் என்று ஒன்று உண்டு. பைலட், நான் பேசுவது எப்படிக் கேட்கிறது என்று கேட்பார். கீழே இருப்பவர், தெளிவாகக் கேட்கிறது என்று சொல்வார். எத்தனையோ வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கேட்பார், ஒருவர் சொல்வார், முடிந்தது.

அவள் கேட்டாள். கேப்டன் மைக்கை எடுத்து, தெளிவாகக் கேட்கிறது என்று இங்கிலீஷில் முறைப்படி சொன்னார். மைக்கைக் கீழே வைக்கப் போனவர் வைக்கவில்லை. பட்டனை மறுபடி அழுத்தினார்.

"உனக்கு எப்படிம்மா கேக்குது?" என்று தமிழில் கேட்டார்.

அது முறை இல்லை. ரேடியோவில் அப்படிக் கேட்கும் வழக்கமே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்க பேச்சு மட்டும்தான் கேக்குது சார்."

போனாள், சுற்றினாள், கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள், இறங்கினாள். முதல்முறை தனியாகப் பறந்து வருகிறவர் தலையில் வாளித் தண்ணீர் ஊற்றுவது வழக்கம், அவளுக்கும் ஊற்றினோம். வெள்ளைத் துணி நனைந்து ஒட்டிக்கொள்ள, சிரித்துக்கொண்டே கேட்டைப் பார்த்து ஓடினாள். அவளுடைய அத்தா அன்றுதான் கேட்டுக்கு உள்ளே வந்தார். சண்முகம் அவரைச் செம்புத் தகட்டைத் தொடச் சொன்னான். அவரும் எதற்கென்று கேட்காமல் தொட்டுவிட்டு வந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். மீட்டர் வைத்துப் பாருங்கள், பில்டர் மாற்றிப் பாருங்கள், எல்லாம் செய்யுங்கள். ஆனால் சத்தம் கேட்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால், அவர் எழுந்த சீட்டை அசைக்காமல் அப்படியே போய் உட்காருங்கள். முழங்கால் இடிக்கும். இடிக்கட்டும். எனக்கு இப்போதும் எல்லாம் விளங்கிவிடவில்லை. காலையில் கதவைத் திறக்கும் முன் செய்யும் ஜெபத்தில் மட்டும் ஒரு வரி கூடியிருக்கிறது. ஆண்டவரே, எனக்குக் கேட்காததால் அது இல்லை என்று நான் சொல்லாதிருக்கக் காத்துக்கொள்ளும்.